வாயை மூடிக்கிறதுக்கா ரெண்டு வருஷப் படிப்பு?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, பள்ளிக்கூட கவுன்சலர் ஆகணும்னா அதுக்குன்னு ஒரு முதுகலைப் படிப்பு இருக்கு, நல்ல மனசு மட்டும் பத்தாதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. பாதிப் பேருக்கு சந்தேகம், மீதிப் பேருக்கு கோவம். அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். கேட்டவங்க பேரு, ஊரு எதுவும் போடல, யார் யாருன்னு அவங்கவங்களுக்குத் தெரியும்.

கேள்வி: மேடம், நான் 12 வருஷமா டீச்சரா இருக்கேன். வீட்ல சொல்லாததைக்கூட பசங்க எங்கிட்ட வந்து கொட்டுவாங்க. நானும் நல்ல புத்தி சொல்லி எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கேன். இதுக்கு மேல 2 வருஷம் உட்கார்ந்து படிச்சு என்னத்தை புதுசா கத்துக்கப் போறேன்?

பதில்: அந்த 'நல்ல புத்தி சொல்லி'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்தப் பழக்கத்தை விடுறதுக்குத்தான் அந்த 2 வருஷம். கோவிச்சுக்காதீங்க டீச்சர், நானும் கிளாஸ் ரூம்லேர்ந்து வந்தவதான், எனக்கு நடந்ததையே சொல்றேன்.

படிப்புல சேர்ந்த புதுசுல ஒரு பையன்கூட பேசினதை ரெக்கார்ட் பண்ணி, அதாவது அவன் சம்மதம் அவங்க வீட்டுச் சம்மதம் எல்லாம் எழுத்துல வாங்கிட்டுத்தான், நாங்க பேசினதைக் கேட்டுத் திருத்துற சூப்பர்வைசர்கிட்ட கொண்டு போனேன். உள்ளுக்குள்ள ஒரே பெருமை, பிரமாதமா பண்ணிட்டோம்னு. டேப்ல பையன் சொல்றான், "எங்க நாய் செத்துப்போச்சு மிஸ்." நான் உடனே, "அடடா, எப்போ? என்னாச்சு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" அவன் ஒவ்வொண்ணுக்கும் ஒத்தை வார்த்தையில பதில் சொல்றான், நான் பரீட்சைத் தாள் மாதிரி அடுத்த கேள்வி அடுத்த கேள்வின்னு போறேன், கடைசியில "கவலைப்படாத, வேற ஒரு குட்டி வாங்கித் தரச் சொல்லு"ன்னு முடிச்சும் வெச்சுட்டேன். சூப்பர்வைசர் 40வது செகண்ட்லயே டேப்பை நிறுத்திட்டாங்க. "சரி, இந்த நாய் அவனுக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. நான் கேட்கவே இல்லையே. ரெண்டு வாரம் கழிச்சு அவனே சொன்னான், அவங்க அப்பா வீட்டை விட்டுப் போனப்போ விட்டுட்டுப் போன நாய் அது. அன்னைக்கே சொல்லத்தான் வந்திருக்கான், நான்தான் டாக்டர் டாக்டர்னு கேட்டு வாயை அடைச்சுட்டேன்.

நீங்க பேசுறதும் நல்ல எண்ணத்துலதான், நான் பேசினதும் நல்ல எண்ணத்துலதான். ஆனா டீச்சர் தொழில்ல ஒரு பையன் தயங்கி நின்னா நாம பதில் எடுத்துக் கொடுக்கணும், இங்க அவன் தயங்கினா நாம சும்மா இருக்கணும். முதல் செமஸ்டர்ல மூணு மூணு பேரா உட்கார வெச்சு ரோல் ப்ளே பண்ண விடுவாங்க, ஒருத்தர் பேசணும், ஒருத்தர் கேட்கணும், மூணாவது ஆள் கையில பேப்பரோட உட்கார்ந்து, கேட்குறவர் எத்தனை தடவை கேள்வி கேட்டார், எத்தனை தடவை அட்வைஸ் பண்ணார்னு கோடு போட்டு எண்ணணும். கேட்குறவர் கேள்வியே கேட்கக் கூடாதுன்னு ஒரு ரவுண்டு வெப்பாங்க, 10 நிமிஷம். அந்த 10 நிமிஷத்துல வேர்த்துக் கொட்டாத டீச்சரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. கூர்ந்து கேட்குறது, சொன்னதைத் திருப்பிச் சொல்றது, உணர்ச்சிக்குப் பேர் வைக்கிறது, சும்மா இருக்கிறதுன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பிரிச்சு, சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுக்கிற மாதிரி பழக்குறாங்களே, இந்த முறையை ஆலன் ஐவின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் 1960கள் கடைசியில உருவாக்கினாங்க. இன்னைக்கும் நிறைய இடத்துல முதல் வருஷம் அப்படித்தான் ஓடுது.

இன்னொண்ணு. பசங்க உங்ககிட்ட கொட்டுறாங்க சரி, ஆனா அவங்களுக்கு மார்க் போடுறதும் நீங்கதானே. அதனால அவங்க கொட்டுறதுலயும் கொஞ்சம் சென்சார் இருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. கவுன்சலர் மார்க் போடாத ஆளு, அந்த ஒரு வித்தியாசத்துக்கே நிறைய வெளிய வரும். உங்க 12 வருஷம் வீண்னு நான் சொல்லல, ஸ்டாஃப் ரூம் எப்படி இயங்குது, எந்தப் பீரியட்ல ஒரு பிள்ளையைக் கூப்பிட்டா டீச்சர் முறைக்க மாட்டாங்கங்கிறதெல்லாம் காலேஜ்லேர்ந்து நேரா வர்றவங்களுக்குத் தெரியவே தெரியாது. சேருங்க. நல்லா வருவீங்க, ஆனா முதல் ஆறு மாசம் நொந்து போவீங்க.

கேள்வி: எனக்கு ரெண்டு இடத்துல அட்மிஷன் கிடைச்சிருக்கு. ஒண்ணு 1 வருஷம், முழுக்க ஆன்லைன், "வீட்டிலிருந்தே கவுன்சலர் ஆகலாம்"னு போட்டிருக்காங்க. இன்னொண்ணு 2 வருஷத்துக்கு மேல, ஸ்கூலுக்குப் போய் நூத்துக்கணக்குல மணி நேரம் வேலை பார்க்கணுமாம். பாடங்கள் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதுல சேரட்டும்?

பதில்: பாட லிஸ்ட்டைப் பார்த்து முடிவெடுக்காதீங்க, எங்க போனாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். மனித வளர்ச்சி, கவுன்சலிங் கோட்பாடுகள், குரூப் கவுன்சலிங், கேரியர் வழிகாட்டல், அசெஸ்மென்ட், ஆராய்ச்சி முறை, எத்திக்ஸ், பண்பாட்டு வேறுபாடுகள். இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கு, ஒரு மழைக்காலம் பூரா வீட்ல உட்கார்ந்தா படிச்சுடலாம். நீங்க பார்க்க வேண்டியது மணிக்கணக்கைத்தான்.

ஒரு அளவுகோல் வேணும்னா அமெரிக்காவுல கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற காக்ரெப்புன்னு ஒரு அமைப்பு இருக்கு, 1981ல ஆரம்பிச்சது, அவங்க கணக்கைப் பாருங்க. முதல்ல பிராக்டிகம், அதாவது மேற்பார்வையில செய்யுற ஆரம்பக் களப் பயிற்சி, குறைஞ்சது 100 மணி நேரம், அதுல 40 மணி நேரமாவது நேருக்கு நேர் பிள்ளைங்களோட. அதுக்கப்புறம் இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதுல 240 நேருக்கு நேர். மொத்தப் படிப்பும் 60 கிரெடிட். இதுல முக்கியமானது 600 இல்ல, இந்த 240தான். மிச்ச நேரமெல்லாம் குறிப்பு எழுதுறது, மீட்டிங், டீச்சர்கிட்ட பேசுறது, ஃபைல் தேடுறதுன்னு தானா ஓடிடும். இது போக வாராவாரம் சராசரியா 1 மணி நேரம் உங்களுக்குன்னு தனி சூப்பர்விஷன், அது இல்லாம குரூப்பா 1½ மணி நேரம்.

நீங்க இருக்கிற ஊர்ல இந்த விதி பொருந்தாம இருக்கலாம், லைசென்ஸ் யார் கொடுக்கிறாங்க எந்தப் படிப்பை ஏத்துக்கிறாங்கங்கிறதை சேர்றதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட நேரா கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க, படிச்சு முடிச்சுட்டு இது செல்லாதுன்னு அழுதவங்க கதை எங்கிட்ட நிறைய இருக்கு. ஆனா ரெண்டு இடத்துக்கும் போன் போட்டு இதைக் கேளுங்க: இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்கூல் நீங்க பார்த்துத் தருவீங்களா இல்ல நானே அலையணுமா, ஒரு சூப்பர்வைசர் கீழ எத்தனை பேரு, நான் பேசின ரெக்கார்டிங்கை யாராவது உட்கார்ந்து கேட்பாங்களா? மூணாவது கேள்விக்கு "அதெல்லாம் ரிப்போர்ட் சப்மிட் பண்ணா போதும்மா"ன்னு பதில் வந்தா போனை வெச்சிருங்க.

ஆன்லைனே மோசம்னு நான் சொல்ல வரல. வகுப்பு மட்டும் ஆன்லைன்ல நடத்திட்டு, பக்கத்துல உள்ள ஸ்கூல்ல நேர்ல வேலை பார்க்க வைக்கிற நல்ல படிப்புகளும் இருக்கு. பிள்ளைங்க முகத்தையே பார்க்காம பட்டம் கொடுக்கிறதைத்தான் சொல்றேன்.

கேள்வி: மகள் சைக்காலஜி பட்டப்படிப்பு முடிக்கப் போறா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவான்னு நினைச்சுட்டிருந்தேன், இப்போ ஸ்கூல் கவுன்சலர் ஆகப் போறேங்கிறா. அது ஒரு படி கம்மிதானே? ஒரு அப்பாவா எனக்கு வருத்தமா இருக்கு.

பதில்: படி கம்மியெல்லாம் இல்ல சார், அது வேற கட்டடம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நோயைக் கண்டுபிடிச்சு வாரக்கணக்குல மாசக்கணக்குல சிகிச்சை கொடுக்கிறவர், அவர்கிட்ட வர்றவங்க ஏற்கனவே கஷ்டத்துல இருக்கிறவங்க. ஸ்கூல் கவுன்சலருக்கு ஸ்கூல்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுமே சொந்தம். கிளாஸ்ல போய் பாடம் எடுப்பாங்க, சின்ன குரூப் நடத்துவாங்க, தனியாப் பேசுவாங்க, மேல என்ன படிக்கலாம்னு வழி காட்டுவாங்க, அதுல யாருக்கு ஆழமான சிகிச்சை வேணும்னு தெரியுதோ அவங்களை சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பாங்க. அந்த அனுப்பி வைக்கிற கண்ணு இருக்கே, அது லேசுல வராது.

இந்தத் தொழில் பிறந்ததே வேலை தேடுற இளவட்டங்களுக்காகத்தான். 1908ல ஃபிராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர் பாஸ்டன்ல ஒரு சின்ன அலுவலகம் திறந்தார், உன்னைத் தெரிஞ்சுக்கோ, வேலைகளைத் தெரிஞ்சுக்கோ, ரெண்டையும் பொருத்திப் பாருன்னு. அந்த வருஷமே இறந்தும் போயிட்டார் பாவம், புத்தகம் அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அப்புறம் ஒரு வேடிக்கை. 1957ல சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்வெளிக்கு அனுப்பினதும் அமெரிக்காக்காரங்களுக்குத் தூக்கம் போச்சு, நம்ம புத்திசாலிப் பிள்ளைங்களை யாராவது கண்டுபிடிச்சு அறிவியல் பக்கம் தள்ளணுமேன்னு 1958ல ஒரு சட்டம் போட்டு, கவுன்சலர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பணத்தைக் கொட்டினாங்க. பிள்ளைங்க மனசுக்காக வந்த காசு இல்ல அது, ராக்கெட்டுக்காக வந்தது. ஆனா ஸ்கூலுக்குள்ள நுழைஞ்ச கவுன்சலர்கிட்ட பசங்க ராக்கெட்டையா பேசுவாங்க? வீட்டுச் சண்டையைத்தான் பேசினாங்க. படிப்பும் அதுக்கேத்த மாதிரி மாறிட்டே வந்துச்சு.

மகள்கிட்ட "ஏன் கிளினிக்கல் வேணாம்?"னு கேட்காதீங்க சார். "ஸ்கூல்ல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"னு கேட்டுட்டு, ஒரு அஞ்சு நிமிஷம் குறுக்க பேசாம இருங்க.

கேள்வி: பிராக்டிகத்துல இருக்கேன் மேடம். பேசினதை வார்த்தைக்கு வார்த்தை டிரான்ஸ்கிரிப்ட் எழுதச் சொல்றாங்க. 20 நிமிஷப் பேச்சை எழுத 4 மணி நேரம் ஆகுது, என் குரலை நானே கேட்கப் பிடிக்கல, சூப்பர்வைசர் மார்ஜின் பூரா சிவப்புல கிறுக்கியிருக்காங்க. வெட்கமா இருக்கு. ஒரு பக்கம் இணைச்சிருக்கேன், பிள்ளையோட அடையாளம் எல்லாம் எடுத்துட்டேன். இது அவ்ளோ மோசமா?

பதில்: மோசமே இல்ல தம்பி. நீங்க அனுப்பினதுல ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கிறேன், வாசகர்களுக்கும் புரியும். அந்தப் பொண்ணோட வார்த்தைகளை நானும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.

மாணவி: இப்பல்லாம் அவங்க என்னை குரூப்ல சேர்த்துக்கிறதில்ல.
நீங்க: அப்படியா. நீ போய் பேசிப் பார்த்தியா?
மாணவி: ம்ம்.
நீங்க: என்ன சொன்னாங்க?
மாணவி: ஒண்ணும் சொல்லல.
நீங்க: சரி, வேற ஃபிரெண்ட்ஸ் இருக்காங்கதானே?
மாணவி: இருக்காங்க.

பாருங்க, மூணு கேள்வி, மூணுக்கும் கதவு மூடியாச்சு. முதல் வரியில 'இப்பல்லாம்'னு ஒரு வார்த்தை இருக்கு, கவனிச்சீங்களா? அப்போ முன்னாடி சேர்த்துக்கிட்டாங்க, நடுவுல எதுவோ ஆகியிருக்கு. நான் உங்க இடத்துல இருந்தா "முன்னாடி அப்படி இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருப்பேன், கேள்விக்குறி இல்லாம. அவ பேசுவா. பேசாட்டியும் பரவால்ல, உட்கார்ந்திருங்க. அமைதி நீண்டா நமக்குத்தான் பதறும், அதுக்குள்ள அவ மனசுக்குள்ள வார்த்தை தேடிட்டு இருப்பா. 'வேற ஃபிரெண்ட்ஸ் இருக்காங்கதானே'ங்கிறது அவளுக்காகக் கேட்டது இல்ல தம்பி, உங்களுக்கு நிம்மதி வேணும்னு கேட்டது. சூப்பர்வைசர் அதுக்குப் பக்கத்துல 'இது யாருக்காக?'ன்னு எழுதியிருக்காங்க பாருங்க, நல்ல சூப்பர்வைசர், விட்டுடாதீங்க.

4 மணி நேரத்துக்கு அழுகிறீங்க. கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1940கள்ல ஓஹியோவுல இருந்தப்போ கவுன்சலிங் அறைக்குள்ள உண்மையில என்ன நடக்குதுன்னு தெரியணும்னு கிராமபோன் தட்டுல பதிவு பண்ணார், டேப் ரெக்கார்டரெல்லாம் அப்போ அங்க புழக்கத்துல இல்ல. அப்படிப் பதிவு பண்ணி, ஒருத்தர் வந்த 8 தடவையும் பேசினதை முழுசா எழுதி 1942ல புத்தகத்துல போட்டார். அதுவரைக்கும் உள்ள என்ன நடந்துச்சுன்னு கவுன்சலர் ஞாபகத்துலேர்ந்து சொல்றதுதான் கணக்கு, ஞாபகத்துல நாம எல்லாருமே ரொம்ப நல்லா பேசியிருப்போம். இதே ரோஜர்ஸ்தான் 1957ல, ஒருத்தர் மனசு மாறணும்னா கவுன்சலர்கிட்ட என்னென்ன இருக்கணும்னு ஒரு கட்டுரை எழுதினார். வேஷம் போடாத தன்மை, நிபந்தனை இல்லாத ஏற்பு, எதிராளி கண்ணு வழியா பார்க்கிற புரிதல், மூணும் பரீட்சைக்கு வரும், மனப்பாடம் பண்ணிடுவீங்க. ஆனா உங்க டிரான்ஸ்கிரிப்ட்ல அது எங்க இல்லன்னு பென்சிலால வட்டம் போட்டாத்தான் அது ஏறும்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். 14 வயசுப் பொண்ணு ஒருத்தி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்லுவேன்"னா. நான் பண்ணிட்டேன். அப்புறம் அவ சொன்னது, "எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல." இப்போ நான் என்ன பண்றது? சொன்னா அவ என்னை நம்ப மாட்டா.

பதில்: உங்க மெயில் பார்த்த உடனேயே தனியா பதில் போட்டேன், நீங்களும் அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட போயிட்டீங்க, பிள்ளைக்கு உதவி கிடைச்சிருக்கு, அதனாலதான் உங்க அனுமதியோட இங்க போடுறேன். மத்த மாணவர்களும் இதே குழியில விழக் கூடாதுல்ல.

சத்தியம் பண்ணக் கூடாது. கேட்கிறதுக்கு முன்னாடி எதுக்குமே சத்தியம் கிடையாது. முதல் நாள் முதல் நிமிஷமே, பிள்ளைக்குப் புரியிற வார்த்தையில, "நீ சொல்றது நமக்குள்ளதான். ஆனா நீ உன்னைக் காயப்படுத்திக்கப் போற, இல்ல வேற யாரையாவது காயப்படுத்தப் போற, இல்ல யாரோ உன்னைக் காயப்படுத்துறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன், கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்"னு சொல்லிடணும். ஒரு தடவை சொன்னா பத்தாது, பிள்ளைங்க மறந்துடும், அப்பப்போ ஞாபகப்படுத்தணும். இதை எத்திக்ஸ் வகுப்புல படிச்சிருப்பீங்க. 1976ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கொடுத்த தராசாஃப் தீர்ப்பையும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஒருத்தர் சிகிச்சை நிபுணர்கிட்ட ஒரு பொண்ணைக் கொல்லப் போறேன்னு சொன்னார், கடைசியில கொன்னும் போட்டார். ஆபத்துல இருக்கிற ஆளைக் காப்பாத்துற கடமை சிகிச்சை கொடுக்கிறவருக்கு உண்டுன்னு கோர்ட் சொல்லிருச்சு. குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா புகார் கொடுத்தே ஆகணும்னு நிறைய நாடுகள்ல சட்டமே இருக்கு, உங்க இடத்துல யார்கிட்ட எத்தனை நேரத்துக்குள்ள சொல்லணும்னு இன்டர்ன்ஷிப் முதல் நாளே எழுதி வாங்கி வெச்சுக்கங்க.

அப்புறம், அந்த நேரத்துல பயந்து பேச்சை மாத்தாதீங்க. "சாகணும்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?"ன்னு நேராவே கேட்கலாம், நேரா கேட்கிறதால புதுசா அந்த எண்ணம் வந்துடாது, ஆராய்ச்சிகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. கேட்டா பிள்ளைங்களுக்கு ஒரு மூச்சு விட்ட மாதிரிதான் இருக்கும். பிள்ளையைத் தனியா விடக் கூடாது, அன்னைக்கே அந்த மணி நேரத்துலயே சூப்பர்வைசருக்கு போன். இன்டர்ன் தனியா முடிவெடுக்கிற விஷயமே இல்ல இது, 20 வருஷம் ஆன நானே இன்னைக்கும் இன்னொருத்தர்கிட்ட கலந்து பேசாம முடிவெடுக்க மாட்டேன். நம்பிக்கை போயிடுமேன்னு கேட்டீங்க. "நான் அவசரப்பட்டு சத்தியம் பண்ணிட்டேன், அது என் தப்பு, ஆனா நீ உயிரோட இருக்கிறது எனக்கு அதை விட முக்கியம்"னு நேரா சொன்னா பிள்ளைங்க கொஞ்ச நாள் முறைச்சுக்கிட்டுத் திரியும், அப்புறம் வரும்.

கேள்வி: நான் இன்டர்ன்ஷிப் பண்ற ஸ்கூல்ல என்னை கவுன்சலர்னு யாரும் நினைக்கவே இல்ல. டீச்சர் லீவுன்னா அந்த கிளாஸ்ல உட்காரணும், பரீட்சை மேற்பார்வை, டைம் டேபிள் டைப் பண்றது. முடியாதுன்னு சொன்னா மார்க்ல கை வெச்சுடுவாங்களோன்னு பயம்.

பதில்: உலகம் பூரா இதே புலம்பல்தான், வேலைக்குப் போனப்புறமும் தீராது. அமெரிக்க ஸ்கூல் கவுன்சலர் சங்கம் 1952லேர்ந்து இருக்கு, அவங்க சிபாரிசு 250 பிள்ளைங்களுக்கு 1 கவுன்சலர், கவுன்சலரோட நேரத்துல 80 சதவீதமாவது பிள்ளைங்களுக்கான வேலையில போகணும். பரீட்சை ஒருங்கிணைக்கிறது, லீவ் போட்ட டீச்சருக்குப் பதிலா உட்கார்றது இதெல்லாம் கவுன்சலர் வேலை இல்லன்னு அவங்க தனியா பட்டியலே போட்டு வெச்சிருக்காங்க. சிபாரிசுதான், அங்கயே பல இடத்துல நடக்கல. ஆனா பேசுறதுக்கு கையில ஒரு காகிதம் இருக்கும்.

நீங்க சண்டை போடாதீங்க. தினமும் மணிக் கணக்கு எழுதுங்க, எத்தனை நேரம் பிள்ளையோட, எத்தனை நேரம் டைம் டேபிளோட. 3 வாரம் எழுதினதை உங்க காலேஜ் சூப்பர்வைசர்கிட்ட காட்டுங்க, ஸ்கூல்கிட்ட பேச வேண்டியது அவங்க வேலை. சேரும்போது ஸ்கூலும் காலேஜும் ஒரு ஒப்பந்தம் போட்டிருப்பாங்க, இன்டர்ன் என்ன செய்யணும்னு அதுல இருக்கும், அதைத் தேடி எடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், எல்லாத்தையும் மறுத்துடாதீங்க. சாயங்காலம் கேட்ல நிக்கச் சொன்னா நில்லுங்க. ஒரு பொண்ணு என் ரூமுக்கு மூணு நாள் தொடர்ந்து பென்சில் சீவ வந்தா, ஒண்ணும் பேசல, நானும் கேட்கல. நாலாவது நாள் கேட்ல நான் நின்னுட்டிருக்கேன், வந்து "நாளைக்கு உங்க ரூமுக்கு வரட்டுமா, பென்சிலுக்கு இல்ல"ன்னா. அதுக்கு நான் கேட்ல நின்னாத்தானே?

கேள்வி: எனக்கே டிப்ரஷன் வந்து ரெண்டு வருஷம் மருந்து எடுத்திருக்கேன். நான் இந்தப் படிப்புக்குப் போகலாமா? அப்ளிகேஷன்ல எழுதணுமா?

பதில்: தாராளமாப் போகலாம். அடிபட்டவங்களுக்கு இந்த வேலை இன்னும் நல்லா வரும்னு சிலர் சொல்லுவாங்க, நான் அதைச் சொல்ல மாட்டேன், அடிபட்டதாலேயே தானா வந்துடாது. ஆறின காயத்தை வெச்சு அடுத்தவங்க வலியைப் புரிஞ்சுக்கலாம், ஆறாத காயத்தோட போனா பிள்ளை பேசும்போது உங்க கதைதான் உங்களுக்குக் கேட்கும். நிறைய இடத்துல மாணவர்களையே தங்களுக்குன்னு ஒரு கவுன்சலர்கிட்ட போகச் சொல்லி ஊக்கப்படுத்துறாங்க, நானும் போனேன், எதிர் நாற்காலி எவ்ளோ உயரம்னு அப்பதான் தெரிஞ்சுது. மருந்து விவரமெல்லாம் அப்ளிகேஷன்ல எழுத வேணாம், கட்டுரையில எவ்ளோ சொல்லணுமோ அவ்ளோ சொல்லுங்க, மிச்சம் உங்க சொந்த விஷயம். ஆனா படிக்கும்போது பழையது கிளம்பும், எதிர்பார்த்திருங்க, சூப்பர்வைசர்கிட்ட மறைக்காதீங்க.

கேள்வி: எனக்கு 46 வயசு. லேட்டா?

பதில்: இல்ல. என் பேட்ச்ல மூத்தவருக்கு 53. மடக்கு நாற்காலியில மூணு மணி நேரம் உட்கார்றதுதான் அவருக்குக் கஷ்டமா இருந்துச்சு.

கேள்வி: கவுன்சலிங் படிக்க வந்தா புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும் வெச்சு சாகடிக்கிறாங்களே, இது எதுக்கு?

பதில்: நாளைக்கு நீங்க 8 பிள்ளைங்களை வெச்சு 6 வாரம் ஒரு குரூப் நடத்துவீங்க, பிரின்சிபால் கூப்பிட்டு "இதனால என்ன ஆச்சு? அந்தப் பீரியட்ல கணக்குப் பாடம் எடுத்திருக்கலாமே"ன்னு கேட்பார். "பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க சார்"னு சொன்னா அடுத்த டெர்ம் குரூப் கிடையாது. முன்னாடி எத்தனை நாள் லீவு, பின்னாடி எத்தனை நாள் லீவு, முதல் வாரம் "0லேர்ந்து 10க்குள்ள இன்னைக்கு நீ எங்க இருக்க?"ன்னு கேட்டதுக்கு என்ன சொன்னாங்க, கடைசி வாரம் என்ன சொன்னாங்கன்னு ஒரு தாள்ல காட்டினா குரூப் நடக்கும். அதோட, கையில கிடைக்கிற ஒவ்வொரு மனத் தேர்வையும் பிள்ளைங்க மேல போட்டு முத்திரை குத்தாம இருக்கணும்னா அந்தத் தேர்வு எதை அளக்குது எதை அளக்கலங்கிறது தெரியணும். பாஸ் மட்டும் பண்ணா போதும்னு படிக்காதீங்க, இந்த ஒரு பேப்பர் உங்க வேலையைக் காப்பாத்தும்.

கேள்வி: அடுத்த மாசம் அட்மிஷன் இன்டர்வியூ. குரூப்பா உட்கார வெச்சு பேச விடுவாங்களாம். என்ன பேசினா செலக்ட் பண்ணுவாங்க மேடம்?

பதில்: பேசுறதை விட, மத்தவங்க பேசும்போது உங்க முகம் எங்க இருக்குன்னுதான் பார்ப்போம். நானும் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் கொஞ்ச வருஷம் உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே அடுத்து நாம என்ன சொல்லலாம்னு தயார் பண்றவங்க கண்ணு தனியாத் தெரியும். பக்கத்துல உள்ளவர் சொன்னதை எடுத்து அதுமேல பேசுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, ஏதாவது ஒரு சம்பவம் சொன்னா அதுல நீங்க தடுமாறினதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஏன் இந்தப் படிப்புன்னு கட்டாயம் கேட்பாங்க. அப்போ மட்டும் "சின்ன வயசுலேர்ந்தே எல்லாரும் எங்கிட்ட வந்து மனசு விட்டுப் பேசுவாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, அன்னைக்குக் காலையிலேர்ந்து அதை எட்டாவது ஆளா கேட்டுட்டு உட்கார்ந்திருப்போம்.